உச்சந்தலையில் முடி மெலிந்தால்: மருந்து முதலில், நடவு கடைசியில்

இருபதுகளில் இருக்கும் ஆணுக்கு உச்சந்தலை மெலியத் தொடங்கினால், அதை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் அவரல்ல. பின்னால் நின்று முடிவெட்டுபவர் சொல்வார். இல்லாவிட்டால், யாரோ மேலிருந்து எடுத்த படம் காட்டிக்கொடுக்கும். அதற்குள் மெலிதல் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகியிருக்கும். அன்று இரவே கைபேசியில் தேடினால் எண்ணெயும் மாத்திரையும் மாதத் தவணையில் முடி நடவும் வரிசையாக வந்து நிற்கும். இந்த அத்தியாயம் அந்த வரிசையை மாற்றி அடுக்கச் சொல்கிறது. தலையில் மருந்துக்கு நன்றாக இசைந்து கொடுக்கும் இடங்களில் ஒன்று உச்சி. அறுவைச் சிகிச்சைக்கு மிகக் கடினமான இடமும் அதுவே. ஆகவே இளைஞருக்குச் சரியான வரிசை இதுதான்: உறுதிப்படுத்து, அளந்து வை, மருந்தைத் தொடங்கு, ஓர் ஆண்டு பொறு. அதன்பின் வேண்டுமானால் நடவைப் பற்றி யோசி.

உச்சியில் மட்டும் ஏன்?

தேவையான அளவு கோட்பாடு மட்டும் இங்கே. டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோனை ஒரு நொதி டிஎச்டி என்ற வீரியம் கூடிய ஹார்மோனாக மாற்றுகிறது. பரம்பரையாக டிஎச்டிக்கு எளிதில் வசப்படும் மயிர்க்கால்கள் நெற்றி ஓரங்களிலும் உச்சியிலும் இருக்கின்றன. காதுக்கு மேலும் பின்தலையிலும் இருப்பவை அப்படியல்ல. வசப்பட்ட மயிர்க்கால் ஒவ்வொரு சுற்றிலும் சுருங்குகிறது. சில ஆண்டுகள் வளர்ந்த முடி சில மாதங்களே வளர்கிறது. தடித்த கறுப்பு முடி இருந்த துளையில் பஞ்சு போன்ற முடி முளைக்கிறது. முடி ‘கொட்டுவதை’விட முடி ‘மெலிவதே’ இங்கே நடக்கும் காரியம். சீப்பில் முடி அதிகம் வராமலே மண்டை தெரிவது இதனால்தான். 1942-ல் அமெரிக்காவின் ஜேம்ஸ் ஹாமில்டன், பருவமடையும் முன்பே விரை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்றும், குடும்பத்தில் வழுக்கை இருந்தால் ஆண் ஹார்மோன் கொடுத்த பிறகு விழுகிறது என்றும் காட்டினார். 1974-ல் டொமினிகன் குடியரசில் டிஎச்டி உருவாக்கும் நொதியே பிறவியில் குறைந்த ஆண்களை ஆராய்ந்தார்கள். அவர்களுக்கும் இந்த வகை வழுக்கை இல்லை. டிஎச்டியைத் தடுத்தால் மெலிதலையும் தடுக்கலாம் என்ற எண்ணம் பிறந்தது அங்கிருந்துதான்.

“விடுதியில் போர் தண்ணீர், அதான் கொட்டுது”, “தினமும் ஹெல்மெட் போடுறேன்”, “எண்ணெய் வைக்கிறதை நிறுத்தினேன்” என்ற காரணங்களை இதோடு வைத்துப் பாருங்கள். உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கலாம், நுனியை உடைக்கலாம். ஆனால் அது தலை முழுவதும் ஊற்றப்படும் தண்ணீர். உச்சி மெலிந்து பின்தலை அடர்த்தியாகவே இருக்கிறது என்றால் தண்ணீரைக் குற்றம் சொல்ல முடியாது. ஹெல்மெட்டும் எண்ணெயும் அப்படியே. எந்த வடிவில் மெலிகிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். மொட்டை அடித்தால் அடர்த்தியாக முளைக்கும் என்பதும் கண்ணின் மயக்கம்தான். கத்தி தொடுவது தோலுக்கு மேலே, சுருங்கும் மயிர்க்காலோ தோலுக்குள்ளே. வெட்டுப்பட்ட நுனி மழுங்கலாக இருப்பதால் கைக்குத் தடிப்பாகத் தோன்றும், அவ்வளவே. அம்மாவின் அப்பாவுக்கு முடி இருந்தால் நமக்கும் இருக்கும் என்ற நம்பிக்கை பாதி சரி. முக்கியமான மரபணு ஒன்று தாய்வழி வருவது உண்மை. மற்றவை இரு வழியிலும் வருகின்றன. அப்பாவின் தலையையும் பாருங்கள்.

முதல் வேலை: உறுதிப்படுத்துவது

எல்லோருக்கும் உச்சியில் ஒரு சுழி உண்டு, சிலருக்கு இரட்டைச் சுழி. சுழியின் மையத்தில் தோல் கொஞ்சம் தெரிவது இயல்பு. முதல்முறை தன் உச்சியைப் படத்தில் பார்க்கும் இளைஞர் அதைச் சொட்டை என்று எண்ணிக் கலங்குவது அடிக்கடி நடக்கிறது. மருந்தைத் தொடும் முன் கீழே உள்ளதைச் செய்யுங்கள்.

1. தலைக்குக் குளித்து, முழுவதும் உலர்ந்த பிறகு, எண்ணெயோ ஜெல்லோ இல்லாமல் படம் எடுங்கள். ஒரே அறை, ஒரே விளக்கு, ஒரே தூரம். வேறொருவர் எடுத்தால் நல்லது. நிற்கும் இடத்தைத் தரையில் குறித்து வையுங்கள்.

2. மேலிருந்து ஒன்று, பின்பக்கச் சாய்வில் ஒன்று, நடுவகிடு எடுத்து ஒன்று என மூன்று படம். பின்தலையிலும் ஒரு வகிடு எடுத்துப் படம் பிடியுங்கள். உச்சியின் வகிடு பின்தலை வகிட்டைவிடத் தெளிவாக அகன்றிருந்தால் அது சுழி மட்டுமல்ல.

3. உச்சியிலிருந்து சில முடி, பின்தலையிலிருந்து சில முடி எடுத்து வெள்ளைத்தாளில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பின்தலை முடிகள் ஏறக்குறைய ஒரே தடிப்பில் இருக்கும். உச்சியில் தடித்ததும் நடுத்தரமும் நூலிழை போன்றதும் கலந்திருந்தால், மயிர்க்கால் சுருங்குவதன் அடையாளம் அது. தோல் மருத்துவர் உருப்பெருக்கியில் தேடுவதும் இந்தக் கலப்பைத்தான்.

4. தேதியிட்டு ஒரே கோப்பில் சேமியுங்கள். அடுத்த படம் மூன்று மாதம் கழித்து. தினமும் கண்ணாடி பார்ப்பது அளவீடு ஆகாது. ஈரத்தலையும் கூசும் விளக்கும் ஒரே தலையை இரண்டு விதமாகக் காட்டும்.

ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. திடீரென்று கைப்பிடியாக, தலை முழுவதும் கொட்டினால் அது வேறு சமாச்சாரம். டெங்கு போன்ற கடும் காய்ச்சல், அறுவைச் சிகிச்சை, பட்டினி போன்ற உணவுக் கட்டுப்பாடு ஆகியவற்றுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து இப்படிக் கொட்டும். காரணம் நீங்கினால் பெரும்பாலும் தானே திரும்பும். இதற்கு வழுக்கை மருந்தைத் தொடங்குவது வீண்.

உடனே தோல் மருத்துவரிடம் போக வேண்டிய அறிகுறிகள்: காசு போல வட்டமாக வழவழவென்று முடி போனால் அது புழுவெட்டாக இருக்கலாம். செதில், சீழ், வலி, எரிச்சலோடு முடி உடைந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். தோல் பளபளத்து மயிர்த்துளைகளே மறைந்திருந்தால் அது தழும்பு விடும் வகை. அங்கே தாமதித்த ஒவ்வொரு மாதமும் திரும்பாத இழப்பு. உடல் மெலிவு, களைப்பு, எடை மாற்றம் சேர்ந்திருந்தால் தைராய்டு, இரும்புச்சத்துப் பரிசோதனை தேவைப்படலாம்.

எதிர்பார்ப்பைச் சரிசெய்யும் எண்கள்

பலர் மருந்தை நிறுத்துவது மருந்து வேலை செய்யாததால் அல்ல. வேலை செய்வது கண்ணுக்குத் தெரியாததால். ஃபினாஸ்டரைடு மாத்திரையைச் சோதித்த பெரிய ஆய்வு 1998-ல் வெளியானது. அதில் 18 முதல் 41 வயது வரையிலான 1,553 ஆண்கள், எல்லோருக்கும் உச்சி மெலிதல். உச்சியில் ஓர் அங்குல விட்டமுள்ள வட்டத்தைக் குறித்து உள்ளே இருக்கும் முடியை எண்ணினார்கள். தொடக்கத்தில் சராசரி 876. ஓராண்டுக்குப் பின் மருந்து எடுத்தவர்களுக்கு 86 கூடியது. வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 21 குறைந்தது. நூற்றுக்குப் பத்து கூடுவது நல்ல பலன்தான். ஆனால் கண்ணாடியில் பார்த்துக் கூத்தாடும் அளவல்ல.

அதைவிட முக்கியம் ஐந்தாண்டுக் கணக்கு. மருந்தைத் தொடர்ந்தவர்கள் தொடங்கிய இடத்திலிருந்து சராசரியாக 38 முடி மட்டுமே மேலே இருந்தார்கள். வெற்று மாத்திரைக்காரர்கள் 239 முடி இழந்திருந்தார்கள். மருந்து எடுத்தவர் தன் பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒப்பிட்டால் “ஐந்து வருஷம் தின்றும் அப்படியேதான் இருக்கு” என்றுதான் சொல்வார். மருந்து எடுக்காத தன் தலை இன்று எப்படி இருந்திருக்கும் என்பதை அவரால் பார்க்க முடியாது. அந்த வட்டத்துக்குள் இருவருக்கும் இடையிலான வித்தியாசம் 277 முடி. ஆகவே இந்தச் சிகிச்சையின் வெற்றி முளைத்த முடியில் அல்ல, போகாமல் நின்ற முடியில் இருக்கிறது. சீக்கிரம் தொடங்கச் சொல்வதும் இதனால்தான். சுருங்கிக்கொண்டிருக்கும் மயிர்க்காலைக் காப்பாற்றலாம். பல ஆண்டுகளாக வழவழவென்று கிடக்கும் தோலில் மருந்து பெரிதாக எதுவும் முளைக்க வைக்காது.

மினாக்சிடில்: போடும் முறை

இது ரத்த அழுத்த மாத்திரையாக வந்த மருந்து. சாப்பிட்டவர்களுக்கு உடலெங்கும் முடி வளர்ந்ததைக் கண்டு தலைக்குப் போடும் திரவமாக்கினார்கள். 1988-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததும் உச்சி வழுக்கைக்கே. ஆண்களுக்கு 5 சதவீதத் திரவம் 2 சதவீதத்தைவிட நன்றாக வேலை செய்கிறது. 18 வயதுக்குக் கீழே வேண்டாம். இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

1. தலை உலர்ந்திருக்க வேண்டும். எண்ணெய் கூடாது. எண்ணெய்ப் படலத்தின் மேல் போட்டால் மருந்து தோலைச் சேராது. எண்ணெய் வைத்தே ஆக வேண்டும் என்றால், வாரம் ஒருநாள் குளிக்கும் முன் வைத்துச் சீயக்காயோ ஷாம்பூவோ போட்டு அலசிவிடுங்கள்.

2. முடியை விலக்கித் தோலைத் தெரிய வையுங்கள். 1 மில்லி அளந்து துளித்துளியாகத் தோலில் விடுங்கள். முடியில் தெளித்தது மருந்துக் கணக்கில் சேராது.

3. விரல் நுனியால் மெதுவாகப் பரப்புங்கள். அழுத்தித் தேய்க்க வேண்டாம். கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

4. காலையும் இரவும். இரவில் படுக்கப் போவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே போட்டால் தலையணையில் ஒட்டி முகத்தில் படாது. முகத்தில் பட்டால் அங்கும் முடி வளரும்.

5. போட்ட பின் நான்கு மணி நேரமாவது தலையைக் கழுவாதீர்கள். திரவத்தில் ஆல்கஹால் இருப்பதால் உலரும்வரை நெருப்பு, சிகரெட் பக்கம் போகாதீர்கள்.

அதிகம் பேர் தவறுவது இரண்டாம் மாதத்தில். முதல் சில வாரங்களில் முடி உதிர்வது கூடலாம். ஓய்வில் கிடந்த பழைய முடியைத் தள்ளிவிட்டு மயிர்க்கால் புதிய சுற்றைத் தொடங்குவதால் வரும் உதிர்வு அது. மருந்து பிடித்ததற்கான அறிகுறியாகவே அதைக் கொள்ளலாம். அப்போது பயந்து நிறுத்துபவர் உதிர்வை மட்டும் அனுபவித்துவிட்டு வளர்ச்சியைக் கைவிடுகிறார். இரண்டாவது தவறு, அளவைக் கூட்டுவது. இரு மடங்கு போட்டால் இரு மடங்கு முளைக்காது, பக்கவிளைவுதான் கூடும். மூன்றாவது, நன்றாகிவிட்டது என்று நிறுத்துவது. நிறுத்தினால் மூன்று நான்கு மாதங்களில் கூடுதலாகக் கிடைத்தது போய்விடும்.

அரிப்பும் செதிலும் வந்தால் பெரும்பாலும் காரணம் மருந்தல்ல, அதைக் கரைக்கச் சேர்க்கும் புரொப்பிலீன் கிளைக்கால். அது இல்லாத நுரை வகைக்கு மாறிப் பாருங்கள். நெஞ்சுவலி, படபடப்பு, மயக்கம், கைகால் வீக்கம், திடீர் எடைக் கூடுதல் வந்தால் உடனே நிறுத்தி மருத்துவரிடம் போங்கள்.

*வீட்டிலிருப்பவர்களுக்கான எச்சரிக்கை:* பூனைக்கு மினாக்சிடில் நஞ்சு, சிறிதளவே உயிரைப் பறிக்கலாம். மருந்து போட்ட தலையில் கைக்குழந்தையின் தோல் தொடர்ந்து பட்டால் குழந்தைக்கு முடி வளரும். இரண்டில் ஒன்று வீட்டில் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும்.

ஃபினாஸ்டரைடு: தொடங்கும் முன் பேச வேண்டியவை

மினாக்சிடில் முடியை வளர்க்கத் தூண்டுகிறது, சுருக்கும் காரணத்தைத் தொடுவதில்லை. காரணத்தைத் தொடுவது ஃபினாஸ்டரைடு. நாளொன்றுக்கு 1 மில்லிகிராம் எடுத்தால், ரத்தத்தில் இருக்கும் டிஎச்டி ஏறக்குறைய 70 சதவீதம் குறைகிறது. ஆண்கள் இதை அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. அதைக் கிண்டலாக்கித் தள்ளும் மருத்துவரிடம் போகாதீர்கள். எண்கள் இவை: ஆய்வுகளில் பாலியல் பக்கவிளைவு சொன்னவர்கள் மருந்து எடுத்தவர்களில் 3.8 சதவீதம், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2.1 சதவீதம். ஆசைக் குறைவு, விறைப்புக் குறைவு, விந்து அளவு குறைவு ஆகியவை அவை. நிறுத்தியதும் பெரும்பாலோருக்குச் சரியாகிறது.

“பயமே பக்கவிளைவைக் கொண்டுவருகிறது” என்ற வாதமும் உண்டு. அதற்கு ஆதாரமும் உண்டு. 2007-ல் இத்தாலியில் 5 மில்லிகிராம் மாத்திரையை வைத்துச் செய்த ஆய்வில், பாலியல் விளைவு வரலாம் என்று முன்கூட்டிச் சொல்லப்பட்டவர்களில் 43.6 சதவீதம் பேருக்கும் சொல்லப்படாதவர்களில் 15.3 சதவீதம் பேருக்கும் அது வந்தது. ஆனால் இதை வைத்து எல்லாம் மனப்பிரமை என்று முடிப்பது தவறு. நிறுத்திய பின்னும் பாலியல் குறைபாடு நீடித்ததாக வந்த புகார்களை ஏற்று 2012-ல் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரிக்கைக் குறிப்பை விரிவாக்கியது. 2025-ல் ஐரோப்பிய மருந்து முகமையின் குழு, தற்கொலை எண்ணத்தை இம்மாத்திரையின் பக்கவிளைவாக உறுதிசெய்தது. அரிது என்பதால் இல்லை என்று ஆகாது. இதை மருந்துக் கடையில் தானே கேட்டு வாங்கக் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

1. மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் முன்பு இருந்திருந்தால் மருத்துவரிடம் ஒளிக்காதீர்கள். அவர் வேண்டாம் என்றால் மினாக்சிடிலோடு நில்லுங்கள்.

2. வீட்டில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள். சோர்வு, தூக்கமின்மை, எரிச்சல் வந்தால் நமக்கு முன் அவர்கள் கவனிப்பார்கள். வந்தால் மாத்திரையை நிறுத்தி உடனே மருத்துவரைப் பாருங்கள்.

3. குழந்தைக்குத் திட்டமிட்டிருந்தால் முன்கூட்டிச் சொல்லுங்கள். சிலருக்கு விந்தணு எண்ணிக்கை குறையலாம், நிறுத்தினால் மீளும். உடைந்த மாத்திரையைக் கர்ப்பிணிகள் தொடக் கூடாது, ஆண் கருவைப் பாதிக்கும். 5 மில்லிகிராம் மாத்திரையை மலிவுக்காக வீட்டில் நறுக்கும் பழக்கம் இதனாலும் ஆபத்து.

4. மாத்திரை எடுக்கும் காலத்தில் ரத்த தானம் வேண்டாம். நிறுத்தியபின் குறைந்தது ஒரு மாதம் கழித்துத்தான்.

5. ஒருநாள் மறந்தால் மறுநாள் இரண்டாக எடுக்காதீர்கள்.

6. பிற்காலத்தில் புராஸ்டேட் பரிசோதனை செய்தால் இதைச் சொல்லுங்கள். பிஎஸ்ஏ அளவை இது பாதியாகக் காட்டும்.

மற்றவை

பொடுகு இருந்தால் கீட்டோகோனசோல் ஷாம்பூ நல்லது, துணையாக மட்டும். ஊசி உருளை வைத்துக் குத்துவதற்கு ஆதாரம் உண்டு. 2013-ல் மும்பையில் 100 ஆண்களிடம் செய்த 12 வார ஆய்வில் மினாக்சிடிலோடு அதையும் சேர்த்தவர்களுக்குக் கூடுதல் பலன் கிடைத்தது. ஆனால் வீட்டில் ஒரே உருளையைச் சுத்தம் செய்யாமல் உருட்டினால் தொற்று வரும். குத்திய அன்று மினாக்சிடில் போடக் கூடாது. தன் ரத்தத்தைப் பிரித்து உச்சியில் ஊசியாகப் போடும் பிஆர்பி முறையின் பலன் ஆளுக்கு ஆள் மாறுகிறது, செலவும் அதிகம். மருந்துக்குப் பதிலாக அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். பயோட்டின் மாத்திரை, குறைபாடு இல்லாதவருக்கு உச்சி மெலிதலைத் தடுப்பதில்லை. கூடுதலாக எடுத்தால் தைராய்டு, மாரடைப்பு ரத்தப் பரிசோதனைகளைத் தவறாகக் காட்டவும் செய்யும்.

எண்ணெய்களைப் பொறுத்தவரை சட்டமே ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறது. இந்தியாவின் 1945 மருந்து விதிகளின் ஜே அட்டவணையில், குணமாக்கும் என்று மருந்துகள் சொல்லிக்கொள்ளக் கூடாத நோய்களின் பட்டியலில் வழுக்கையும் இருக்கிறது. தேங்காய் எண்ணெய் முடிக்கு மினுக்கமும் மென்மையும் தரும். அதற்காக வைத்துக்கொள்ளுங்கள்.

நடவு ஏன் கடைசியில்

பின்தலையிலிருந்து எடுத்து நடும் மயிர்க்கால் புதிய இடத்திலும் தன் பழைய குணத்தையே காக்கும். 1959-ல் நார்மன் ஓரன்ட்ரைக் இதைக் காட்டிய பிறகே நடவு வளர்ந்தது. பிரச்சினை நட்ட முடியில் இல்லை, அதைச் சுற்றியுள்ள முடியில் இருக்கிறது. 24 வயதில் 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள மெலிந்த வட்டம் ஏறக்குறைய 20 சதுர சென்டிமீட்டர். விட்டம் இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்கு, அதாவது 80-ஐ நெருங்கும். முதல் வட்டத்தை நட்டு நிரப்பியவருக்கு, பத்தாண்டு கழித்து நடுவில் முடித்தீவும் சுற்றிலும் வெற்று வளையமும் மிஞ்சும். அதை நிரப்பப் பின்தலையில் கையிருப்பு வேண்டும். அது ஓர் அளவுக்கு மேல் கிடையாது, எடுத்தது மீண்டும் முளைக்காது. நெற்றி வரிசைக்கும் அதே கையிருப்புதான். முகத்தின் தோற்றத்தை மாற்றுவது நெற்றி என்பதால் அதற்குத்தான் முதலில் ஒதுக்க வேண்டியிருக்கும். தவிரவும், நெற்றியில் முடி ஒன்றன்மேல் ஒன்றாகக் கூரை ஓடு போலப் படிந்து தோலை மறைக்கும். உச்சியில் சுழியிலிருந்து நாலாபக்கமும் விரிவதால் அப்படி மறைக்காது. அதே அளவு அடர்த்திக்கு உச்சி கூடுதல் முடி கேட்கும்.

“மருந்தை வாழ்நாள் முழுக்க எடுப்பதைவிட ஒரே நாளில் முடிப்பது மேல்” என்று கேட்பவர்களுக்குப் பதில்: ஒரே நாளில் முடிவதில்லை. நட்ட முடி நிற்கும், நடாத முடி மெலிந்துகொண்டே போகும். நடவு செய்தவருக்கும் மருந்து வேண்டும். அந்த மருந்தை ஓராண்டு ஒழுங்காக எடுக்க முடியாதவர் நடவுக்குத் தயாரில்லை.

ஓராண்டு மருந்துக்குப் பின்னும் குறை தெரிந்து, மெலிதல் நின்றுவிட்டது என்று படங்கள் காட்டினால் நடவைக் கேட்கலாம். 2016-ல் சென்னையில் நடவுக்குப் போன மருத்துவ மாணவர் ஒருவர் இறந்தார். 2022 செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையம், பயிலரங்கிலும் யூடியூபிலும் பார்த்துக் கற்றது இதைச் செய்யப் போதுமான பயிற்சி அல்ல என்று அறிவுறுத்தியது. ஆகவே முன்பணம் கட்டும் முன் இவற்றைக் கேளுங்கள்.

1. தோலைக் கீறுவது யார், மயிர்க்காலை எடுப்பது யார்? பெயரும் மருத்துவப் பதிவு எண்ணும் எழுத்தில் வேண்டும்.

2. மரப்பு ஊசி எவ்வளவு போடப்படும், யார் போடுவார், முடியும்வரை அவர் உடன் இருப்பாரா?

3. மூச்சுத் திணறினால், ரத்த அழுத்தம் விழுந்தால் அங்கே என்ன கருவி இருக்கிறது, எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள்?

4. பின்தலையில் எவ்வளவு எடுக்கிறார்கள், எவ்வளவு மிச்சம் வைக்கிறார்கள்?

5. 40 வயதில் வட்டம் விரிந்தால் என்ன திட்டம்?

ஐந்தாவது கேள்விக்குத் தெளிவான பதில் வராத இடத்தில் பணம் கட்டாதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்த படங்களைக் கையோடு கொண்டுபோங்கள். அவற்றைப் பார்க்காமலே முடி எண்ணிக்கையும் விலையும் சொல்லும் இடத்திலும் பணம் கட்டாதீர்கள்.